மலையடிவார நகரில் வாக்கும் தண்ணீரும்: சேலம் நகராட்சி அரசியல், 1882–1937

ஆய்வுச் சுருக்கம்

சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் அமைந்த சேலம் நகரின் உள்ளாட்சி வரலாற்றை முதன்மைச் சான்றாகக் கொண்டு, சென்னை மாகாணத்தில் நகராட்சித் தேர்தலும் கட்சி அரசியலும் ஒன்றோடொன்று பிணைந்த முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. 1882ஆம் ஆண்டுக் கலவரத்தைத் தொடர்ந்து சே. விஜயராகவாச்சாரியார் நகராட்சி உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டது, 1917–1919இல் சி. இராஜகோபாலாச்சாரியார் நகராட்சித் தலைவராக இருந்தது, 1920ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின் நீதிக்கட்சியும் காங்கிரசும் உள்ளாட்சியில் கால் ஊன்றியது ஆகிய மூன்று கட்டங்கள் இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ‘ஊர்ப் பொதுவில் பங்குடையவர் யார்?’ என்னும் வினாவைக் கட்சிகள் கொண்டுவரவில்லை. வரி, தெரு, குடிநீர் ஆகிய அன்றாட நிருவாகச் செயல்களே அதை முதலில் எழுப்பின. கட்சிகள் வந்தபின் அவ்வினாவுக்குக் கிடைத்த விடையும் நகர எல்லையோடு நின்றது. அந்நகரின் ஆறு பிறக்கும் மலையில் வாழ்ந்தோரை அது எட்டவில்லை. இவ்விரண்டையும் நிறுவுவதே கட்டுரையின் நோக்கம்.

திறவுச்சொற்கள்: சேலம் நகராட்சி, ஏற்காடு, சேர்வராயன் மலை, உள்ளாட்சித் தேர்தல், நீதிக்கட்சி, காங்கிரசு, வாக்குரிமை, குடிநீர்

முன்னுரை

தமிழக அரசியல் வரலாறு பெரும்பாலும் சட்டமன்றத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1920, 1926, 1937 ஆகிய தேர்தல் ஆண்டுகளும் அமைச்சரவைகளும் அதில் முன்னிற்க, நகராட்சியும் தாலுகா போர்டும் ஜில்லா போர்டும் பின்புலமாக ஒதுங்கிவிடுகின்றன. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் ஒரு சாதாரண நகரவாசி அரசு என்பதை நேரில் கண்ட இடம் நகராட்சி அலுவலகமே. வீட்டுவரி கேட்டு வந்த பில் கலெக்டரும், தெருவிளக்கு ஏற்றியவரும், குழாய் திறந்தவரும், காலரா பரவியபோது கிணற்றுக்கு மருந்திட வந்தவரும் அந்த அலுவலகத்தின் ஆட்கள். எனவே யார் கவுன்சிலராவது, யார் சேர்மனாவது என்பவை தொலைவான வினாக்கள் அல்ல.

இவ்வாய்வுக்குச் சேலம் பொருத்தமான களமாவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பின்னாளில் அகில இந்திய அளவில் அறியப்பட்ட இரு தலைவர்கள் தம் பொதுவாழ்வின் தொடக்கத்தில் அமர்ந்த இடம் இந்த நகராட்சி என்பது முதற்காரணம். இரண்டாவது காரணம் நில அமைப்பைச் சார்ந்தது. சேலம் நகரின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறு சேர்வராயன் மலைத்தொடரின் மஞ்சவாடிப் பகுதியில் தோன்றி, நகரைக் கடந்து, தெற்கே காவிரியில் கலக்கிறது. ஆற்றின் தலைப்பகுதியும் நகரமும் ஒரே நீர்ப்பிடிப்பைச் சேர்ந்தவை. ஆனால் உள்ளாட்சி உரிமையில் அவை இரண்டு வேறு உலகங்களாக இருந்தன. நகரத்தையும் மலையையும் சேர்த்து நோக்கினாலன்றி அக்கால வாக்குரிமையின் எல்லைகள் தெளிவாகப் புலப்படா.

வரிசெலுத்துவோரின் மன்றம்

சென்னை மாகாணத்தில் நகராட்சிகளுக்கு 1865ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டம் வழிவகுத்தது. சேலம் நகராட்சி 1866இல் அமைந்தது. அண்டை மாவட்டத்து ஈரோடு 1871இல் நகராட்சியானது. 1871ஆம் ஆண்டின் புதிய நகர மேம்பாட்டுச் சட்டம் தேர்தலுக்கு ஓரளவு இடமளித்த போதிலும், உறுப்பினர் பதவி அரசின் நியமனத்தையே பெரிதும் சார்ந்திருந்தது. அரசு அதிகாரிகளும் அவர்கள் நம்பிய உள்ளூர்ப் பெரியவர்களும் மன்றத்தில் அமர்ந்தனர்.

1882 மே மாதத்தில் வைசிராய் ரிப்பன் வெளியிட்ட தலச் சுயாட்சித் தீர்மானம் இந்நிலையை மாற்ற முனைந்தது. உள்ளாட்சி அமைப்புகளை நிருவாகச் சிக்கனத்துக்கான கருவியாக மட்டும் கொள்ளாமல், மக்களுக்கு அரசியற் பயிற்சி அளிக்கும் களமாகவும் கருத வேண்டும் என்பது அத்தீர்மானத்தின் மையக்கருத்து. அதன் விளைவாகச் சென்னை மாகாணத்தில் 1884இல் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. மாவட்ட நகராட்சிகள் சட்டம் நகரங்களையும், தலக் கழகங்கள் சட்டம் நாட்டுப்புறத்தையும் ஆண்டன. பின்னது ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, ஊர்களை ஒன்றுசேர்த்த யூனியன் என மூன்று அடுக்குகளைக் கொண்டிருந்தது. ஜில்லா போர்டின் தலைமை நீண்ட காலம் கலெக்டரிடமே இருந்தது. தாலுகா போர்டைக் கோட்ட வருவாய் அதிகாரி நடத்தினார். நகராட்சியில் மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்ட இந்தியத் தலைவர் ஒருவர் வரக்கூடிய வாய்ப்பு முன்னதாகத் தோன்றியது. வழக்கறிஞர்களும் வணிகர்களும் கிராமக் கழகங்களைவிட நகராட்சியை நாடியதற்கு இதுவே காரணம்.

வாக்குரிமை வரியோடும் சொத்தோடும் பிணைந்திருந்தது. குறிப்பிட்ட அளவு வரி செலுத்தியவர், சொத்து அல்லது தொழில்வழித் தகுதி உடையவர் மட்டுமே வாக்காளராக முடிந்தது. சேலத்தில் இதன் பொருள் என்ன என்பதை நகரின் அமைப்பே காட்டும். கோட்டைப் பகுதியிலும் அக்கிரகாரங்களிலும் வழக்கறிஞர்கள், அலுவலர்கள், செவ்வாய்ப்பேட்டையில் வணிகர்கள், குகை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை முதலிய இடங்களில் தறியை நம்பிய நெசவாளர் குடும்பங்கள், விளிம்பில் சேரிகள். வரிப்பதிவேட்டில் பெயர் கொண்டவரும் தெருவைப் பெருக்கியவரும் ஒரே நகரத்தில் வாழ்ந்தனர். எனினும் சட்டத்தின் கண்ணில் முன்னவரே நகரம். இந்த இடைவெளியே பின்வந்த அரசியல் அனைத்துக்கும் அடித்தளம்.

நீக்கப்பட்ட உறுப்பினர்

தேர்தல் சட்டம் விரிவடைவதற்கு முன்பே, நகராட்சி உறுப்பினர் பதவியின் தன்மை என்ன என்ற வழக்கு சேலத்தில் எழுந்தது. 1882 ஆகஸ்டில் நகரில் இந்து–முஸ்லிம் கலவரம் வெடித்தது. அதைத் தூண்டியவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டோருள் ஒருவர் சே. விஜயராகவாச்சாரியார். இளம் வழக்கறிஞரான அவர் அப்போது நகராட்சி உறுப்பினராகவும் இருந்தார். பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட அவரை மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் விடுவித்தது.

இதற்கிடையில் அரசு அவரை நகராட்சி உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கியிருந்தது. விடுதலை பெற்றவுடன் அவர் இந்தியாவுக்கான அரசுச் செயலர் மீதே வழக்குத் தொடுத்தார். நகராட்சி உறுப்பினரை உரிய முறையின்றி நீக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டா என்பதே வழக்கின் பொருள். 1884ஆம் ஆண்டு சென்னைச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற அவ்வழக்கில் அவர் வெற்றி பெற்றார். அரசின் நிருவாகச் செயலை நீதிமன்றத்தில் வினவலாம் என்பதற்கான முன்னோடி வழக்குகளுள் ஒன்றாகச் சட்ட நூல்கள் அதை இன்றும் சுட்டுகின்றன.

இந்நிகழ்ச்சி தனிமனிதர் ஒருவரின் துணிவுக்குச் சான்றாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. உள்ளாட்சி வரலாற்றில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. அதுவரை நகராட்சி உறுப்பினர் பதவி அரசு அளித்த மதிப்பாகக் கருதப்பட்டது. அளித்தவரே அதைத் திரும்பப் பெறலாம் என்பதே பொது எண்ணம். அதை உரிமையாகக் காட்டியது இவ்வழக்கு. காங்கிரசு மகாசபை பிறப்பதற்கு முன்னரே, கட்சி எதுவும் துணையில்லாத நிலையில், மாவட்டத் தலைநகரொன்றில் இம்மாற்றம் நிகழ்ந்தது. விஜயராகவாச்சாரியார் 1885இல் காங்கிரசின் தொடக்கக் கூட்டத்தில் பங்கேற்றதும், 1920 திசம்பரில் நாகபுரி மாநாட்டுக்குத் தலைமை வகித்ததும் இதற்குப் பிந்தியவை. நகராட்சியில் தொடங்கிய வழக்கே அவரைத் தேசிய அரசியலுக்குக் கொண்டுசென்றது எனலாம்.

1917–1919: தலைவர் இருக்கையும் தண்ணீர்க் குழாயும்

சி. இராஜகோபாலாச்சாரியார் 1900இல் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். 1911இல் நகராட்சி உறுப்பினரான அவர், 1917இல் அதன் தலைவரானார். 1919 வரை அப்பொறுப்பில் இருந்தார். அப்போது தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தனர். எனவே தலைவர் பதவிக்கான போட்டி, கொடியும் கொள்கை அறிக்கையும் தாங்கிய கட்சிகளுக்கிடையே நிகழவில்லை. சாதி உறவு, தொழில் நட்பு, வணிகக் கடன், வழக்குமன்றத் தொடர்பு ஆகியவற்றால் அமைந்த உள்ளூர்க் குழுக்களுக்கிடையே நிகழ்ந்தது. அக்காலப் பேச்சில் ‘பார்ட்டி’ என்ற சொல் நகராட்சியைப் பற்றி வரும்போது இன்னாருடைய ஆட்கள் என்பதையே குறித்தது.

அக்கால நகராட்சிகளுக்குப் பெரும்பொறுப்பாகவும் பெருஞ்செலவாகவும் இருந்தது குடிநீர். சேலத்திற்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பனமரத்துப்பட்டி ஏரி குடிநீர் ஆதாரமாயிற்று. குழாய்வழிக் குடிநீர் வெறும் பொறியியல் வசதி அன்று. கிணற்று நீரில் ஒவ்வொரு சாதிக்கும் தனிக்கிணறு என்ற ஏற்பாடு செல்லுபடியாயிற்று. குழாயில் அது இயலாது. ஓர் ஏரியில் தேங்கி, ஒரு முதன்மைக் குழாயில் ஓடி, கிளைகளாகப் பிரிந்து, எல்லாத் தெருக்களுக்கும் அதே நீர் செல்கிறது. அதன் திறப்பை இயக்கவும் பழுது பார்க்கவும் நகராட்சி ஊழியர் ஒருவர் எல்லாத் தெருக்களிலும் நுழைந்தாக வேண்டும். அவ்வூழியர் யார் என்பது அன்றைய சமூகத்தில் பெருங்கேள்வி.

இராஜகோபாலாச்சாரியார் தலைவராக இருந்தபோது, தீண்டப்படாதாராக ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஊழியர் ஒருவர் குடிநீர்ப் பணியில் அமர்த்தப்பட்டதும், அக்கிரகாரத்தார் அதை எதிர்த்ததும், தலைவர் தம் நிலையிலிருந்து இறங்கிவரவில்லை என்பதும் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் குறிக்கும் செய்திகள். சேலம் நகராட்சியில் முதல் தலித் உறுப்பினர் இடம்பெறவும் அவர் காரணமாயிருந்தார். இவ்விரண்டையும் சேர்த்தே நோக்க வேண்டும். மன்றத்தில் ஓர் இருக்கை அளிப்பது சட்டம் அனுமதிக்கும் செயல். அக்கிரகாரத் தெருவில் நுழைந்து குழாயைத் திறக்கும் கை யாருடையது என்பது சட்டப் புத்தகத்தில் இல்லாத செயல். முன்னதை அரசிதழில் அறிவித்து முடித்துவிடலாம். பின்னது நாள்தோறும் விடியற்காலையில் மீண்டும் நிகழ வேண்டும்.

எதிர்த்தவர்களின் நிலையையும் கருத வேண்டும். அவர்கள் வாக்காளர்கள், வரிசெலுத்துவோர். வரிசெலுத்துவோரே நகரம் என்று சட்டம் சொன்ன காலத்தில், தம் தெருவில் யார் நுழையலாம் என்பதைத் தாமே முடிவு செய்யலாம் என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. தலைவரும் அதே சமூகத்தவர். அவரைத் தேர்ந்தெடுத்த வட்டமும் பெரிதும் அதுவே. ஆகவே இங்கே நிகழ்ந்தது கட்சிக்கும் கட்சிக்கும் இடையிலான மோதல் அன்று. வாக்களித்தவர்களின் விருப்பம், நகராட்சி எல்லோருக்கும் பொது என்ற கருத்து ஆகிய இரண்டும் ஒரே மன்றத்துக்குள் மோதின.

ஈரோடு: ஓர் ஒப்பீடு

இதே ஆண்டுகளில் காவிரிக்கு மறுகரையில், அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த ஈரோட்டில், வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஈ. வெ. இராமசாமி நகராட்சித் தலைவராக இருந்தார். காவிரி நீரைக் குழாய்வழியே நகருக்குக் கொண்டுவரும் பணியில் அவர் காட்டிய முனைப்பை அவரது வரலாற்றாசிரியர்கள் தவறாமல் குறிப்பிடுகின்றனர். இரு தலைவர்களுக்கும் இடையில் தோன்றிய நட்பு இக்காலத்தது. 1919இல் இராமசாமி காங்கிரசில் சேர்ந்தபோது தாம் வகித்த நகராட்சித் தலைவர் பதவி உள்ளிட்ட பொதுப் பதவிகளைத் துறந்தார். இராஜகோபாலாச்சாரியாரும் அதே ஆண்டில் சேலத்தை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார்.

பின்னாளில் எதிரெதிர் அரசியல் முனைகளில் நின்ற இருவரும் தம் முதல் நிருவாக அனுபவத்தைக் குடிநீர்க் குழாயிலிருந்து பெற்றனர் என்பது எதேச்சையான ஒற்றுமை அன்று. அக்கால நகராட்சித் தலைவர் ஒருவரின் கையிலிருந்த உண்மையான அதிகாரம் வரி, தெரு, நீர் ஆகிய மூன்றே. அவற்றுள் நீரே சமூக வரம்புகளை நேரடியாகத் தொட்டது. சாதி ஒழுங்கைப் பற்றிய பொதுக்கருத்து எதுவும் மேடையில் பேசப்படுவதற்கு முன், நகராட்சித் தலைவர் அதற்குச் செயலில் விடை சொல்லவேண்டியிருந்தது.

1920: கட்சிகள் நுழைதல்

1916 நவம்பரில் தோன்றிய தென்னிந்திய நலவுரிமைச் சங்கம், அதன் ஆங்கில நாளிதழின் பெயரால் நீதிக்கட்சி எனப்பட்டது. 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் இரட்டையாட்சியை ஏற்படுத்தியபோது, தல சுயாட்சித் துறை இந்திய அமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1920 நவம்பரில் நடந்த சட்டமன்றத் தேர்தலைக் காங்கிரசு புறக்கணித்தது. நீதிக்கட்சி 98 தேர்தல் இடங்களில் 63ஐப் பெற்று அமைச்சரவை அமைத்தது. அ. சுப்பராயலு ரெட்டியாரின் தலைமையில் அமைந்த முதல் அமைச்சரவையில் தல சுயாட்சித் துறையை ஏற்றவர் பனகல் அரசர் பி. இராமராயநிங்கார். 1921இல் அவரே முதலமைச்சரானார்.

இதே ஆண்டில் மாவட்ட நகராட்சிகள் சட்டம், தலக் கழகங்கள் சட்டம், கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் ஆகியவை புதிதாக இயற்றப்பட்டன. வாக்காளர் தொகை பெருகியது. உறுப்பினருள் பெரும்பான்மையோர் தேர்தல்வழி வந்தனர். எனினும் எஞ்சிய இடங்களை நியமனத்தால் நிரப்பும் உரிமை அரசிடம் இருந்தது. நியமனம் இப்போது ஆங்கில அதிகாரியின் கையில் இல்லை. கட்சி சார்ந்த அமைச்சரின் கையில் இருந்தது. சிறுபான்மையினர், ஒடுக்கப்பட்ட வகுப்பினர், பெண்கள் ஆகியோர்க்கு இடமளிக்க அந்த அதிகாரம் பயன்பட்டது. கட்சி ஆதரவாளரை அமர்த்தவும் அதுவே பயன்பட்டது. இரண்டும் ஒரே ஆணையில் நிகழ்ந்தமையால், ஒன்றை மட்டும் காட்டி அக்காலத்தைப் புகழ்வதோ பழிப்பதோ பொருந்தாது.

வரலாற்றாசிரியர்களிடையே இதுபற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. டேவிட் வாஷ்புரூக், கிறிஸ்டோபர் பேக்கர் ஆகியோர் உள்ளூர்ச் செல்வாக்காளர்கள் மாகாணத் தலைநகரின் அதிகாரத்தோடு தம்மை இணைத்துக்கொண்ட முறையையே கட்சி அரசியலின் அடிப்படையாகக் கண்டனர். யூஜின் இர்ஷிக் பிராமணரல்லாதார் உணர்வின் எழுச்சிக்கு முதன்மை அளித்தார். சேலம் மாவட்டத்தின் நிகழ்ச்சிகள் இவ்விரு விளக்கங்களையும் ஓரளவு தாங்குகின்றன. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை கட்சி சாராத முதலமைச்சராக இருந்தார். 1937இல் இராஜகோபாலாச்சாரியாரின் காங்கிரசு அமைச்சரவையில் அமைச்சரானார். ஒரே மாவட்டத்திலிருந்து வந்த நிலக்கிழாரும் வழக்கறிஞரும் பத்தாண்டு இடைவெளிக்குள் மாகாணத்தின் தலைமைப் பதவியை வகித்தனர். உள்ளூர்ச் செல்வாக்கு கட்சிப் பெயரைவிட நீடித்தது என்பதற்கு முன்னவர் சான்று. கட்சி என்ற ஒழுங்கு உள்ளூர்ச் செல்வாக்கைத் தாண்டிச் செல்லக்கூடியது என்பதற்குப் பின்னவர் சான்று.

ஒத்துழையாமை இயக்கம் சட்டமன்றங்களையும் நீதிமன்றங்களையும் அரசுப் பள்ளிகளையும் புறக்கணிக்கச் சொன்ன போதிலும், நகராட்சிகளில் காங்கிரசார் பணியாற்ற இடமிருந்தது. 1920களின் நடுவில் சித்தரஞ்சன் தாஸ் கல்கத்தா மாநகராட்சியின் மேயராகவும், வல்லபாய் படேல் அகமதாபாத் நகராட்சியின் தலைவராகவும், ஜவகர்லால் நேரு அலகாபாத் நகராட்சியின் தலைவராகவும், இராஜேந்திர பிரசாத் பாட்னா நகராட்சியின் தலைவராகவும் இருந்தனர். சேலத்தில் 1917இல் ஒருவர் பெற்ற பயிற்சி, சில ஆண்டுகளில் நாடெங்கும் ஒரு தலைமுறையின் பயிற்சியாயிற்று.

தெருவும் கிணறும்: சட்டம் எட்டிப்பிடித்த வினா

1917–1919இல் ஒரு நகராட்சித் தலைவரின் தனி முடிவாக இருந்தது, சில ஆண்டுகளில் சட்டமன்றத்தின் பொருளாயிற்று. 1924 ஆகஸ்டில் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, பொதுக்கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட வகுப்பினர் பயன்படுத்தத் தடை கூடாது என்றது. அது ஏற்கப்பட்டு அவ்வாண்டிலேயே அரசாணையாக வெளிவந்தது. ஆணையை நடைமுறைப்படுத்த வேண்டியவை நகராட்சிகளும் கழகங்களுமே. சாலையும் கிணறும் அவற்றின் உடைமை.

இங்கே கட்சி அரசியலின் வலிமையும் வரம்பும் ஒருங்கே புலப்படுகின்றன. சட்டமன்றத்தில் இத்தகைய தீர்மானம் நிறைவேறுவதற்குப் புதிய பிரதிநிதித்துவம் தேவைப்பட்டது. அதை இரட்டையாட்சியும் நியமன இடங்களும் தந்தன. ஆனால் ஓர் ஊரின் கிணற்றடியில் ஆணை செயற்பட, அவ்வூர்க் கழகத்தின் பெரும்பான்மையினர் மனம் வைக்க வேண்டும். அந்தப் பெரும்பான்மை வரிசெலுத்துவோரால் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1920இல் சட்டமன்ற வாக்காளர் தொகை மாகாணத்தில் ஏறத்தாழ 12.5 லட்சம், மக்கள் தொகையோ 4 கோடிக்கு மேல். நூற்றுவரில் மூவர் அளவே வாக்காளராக இருந்த சமூகத்தில், எஞ்சியோரின் உரிமையை மூவரின் பிரதிநிதிகளிடமே ஒப்படைக்க வேண்டியிருந்தது.

மலைமேல்: வாக்குப் பட்டியல் எட்டாத நாடுகள்

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஏற்காடு, சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820களில் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தபின் ஐரோப்பியரின் தோட்டப்பகுதியாயிற்று. தோட்ட உரிமையாளர்களின் குரல் உள்ளாட்சித் தேர்தலை நம்பியிருக்கவில்லை. 1893இல் அமைந்த தென்னிந்திய ஐக்கியத் தோட்டக்காரர் சங்கம் அவர்களுக்கு மாகாண அளவில் செல்வாக்கு அளித்தது. மாகாணச் சட்டமன்றத்தில் தோட்டக்காரர்க்கெனத் தனி இடமும் இருந்தது. மலையில் காப்பி பயிரிட்டவர் சிலராயினும், ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜில் அவர்களுக்காகப் பேச ஒருவர் இருந்தார்.

அதே மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களின் நிலை வேறு. பெயரால் கேரளத்தவர் என்ற மயக்கம் எழக்கூடும். அவர்கள் தமிழ் பேசுவோர், மலையை ஆள்வோர் என்ற பொருளில் அமைந்தது அப்பெயர். காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்தனர் என்பது அவர்களது மரபுக்கதை. சேர்வராயன் மலையை அவர்கள் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என மூன்று நாடுகளாகப் பகுத்திருந்தனர். நாட்டுக்குப் பட்டக்காரர், அவருக்குக் கீழ் மூப்பன், ஊருக்குக் கவுண்டர் என ஒழுங்கான தலைமை முறை இருந்தது. மண உறவு, ஒழுக்கக் குற்றம், பொதுத் திருவிழா ஆகியவை ஊர்க்கூட்டத்தில் தீர்க்கப்பட்டன. சேர்வராயன் கோயில் விழா நாடுகளை ஒன்றுகூட்டியது.

தல சுயாட்சி இல்லாத இடம் என்று இம்மலையைக் கருதுவது பிழை. அங்கே சுயாட்சி இருந்தது. அதைச் சட்டம் காணவில்லை. 1884, 1920 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அறிந்தவை வரி, சொத்து, பதிவேடு. நாட்டார் கூட்டம் அறிந்தவை குடி, முறை, சொல். முன்னது எழுத்தில் இருந்ததால் அரசியலாகியது. பின்னது வழக்கில் இருந்ததால் ‘பழக்கம்’ எனப்பட்டது. தாமே ஆண்ட ஊர்க்கூட்டத்திலும் பெண்களுக்கும் இளையோர்க்கும் சம இடம் இருந்தது என்று சொல்வதற்கில்லை. எனவே அதை இழந்துபோன பொற்காலமாகக் காட்டவும் வேண்டுவதில்லை. ஆயினும் மலைவாழ் மக்களின் நிலம், வனம், கூலி ஆகியவை குறித்த முடிவுகள் அவர்கள் அமராத மன்றங்களில் எடுக்கப்பட்டன என்பது மறுக்கவியலாதது. கீழே நகரத்தில் குழாயைத் திறக்கும் கை யாருடையது என்று விவாதம் நடந்த ஆண்டுகளில், ஆற்றின் தலைப்பகுதியில் வாழ்ந்தோர் விவாதத்தின் பொருளாகக்கூட இல்லை.

1930களின் திருப்பம்

1930களில் உள்ளாட்சியின் உருவம் மீண்டும் மாறியது. நியமன முறைக்கு மாற்றாகச் சிறுபான்மையினர், ஒடுக்கப்பட்டோர், பெண்கள் ஆகியோர்க்கு ஒதுக்கீட்டு இடங்கள் வந்தன. தாலுகா போர்டுகள் 1934இல் ஒழிக்கப்பட்டன. நகராட்சிகளில் ஆணையர் நியமனம் தொடங்கியதால் தலைவரின் நிருவாக அதிகாரம் குறைந்தது. ஊழலையும் கட்சிச் சண்டையையும் தவிர்ப்பதற்கென இம்மாற்றங்கள் கூறப்பட்டன. மக்களுக்கு அருகிலிருந்த அடுக்கு மறைந்ததும், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரின் கையிலிருந்த பணி அரசு ஊழியரிடம் சென்றதும் அவற்றின் மறுபக்கம்.

1935–36இல் காங்கிரசு நகராட்சி, ஜில்லா போர்டுத் தேர்தல்களில் கட்சியாகவே களமிறங்கியது. சத்தியாக்கிரகத்தில் சிறைசென்ற தொண்டர்கள் வாக்குக் கேட்டு வீடுவீடாகச் சென்றது உள்ளூர் அரசியலில் புதிய காட்சி. அங்கே திரட்டிய அமைப்பு 1937 சட்டமன்றத் தேர்தலில் பயன்பட்டது; 215 இடங்களில் 159 காங்கிரசுக்குக் கிடைத்தன. முதலமைச்சரான இராஜகோபாலாச்சாரியார் 1937 அக்டோபரில் மதுவிலக்கைச் சோதனை முறையில் நடைமுறைப்படுத்தத் தேர்ந்தது சேலம் மாவட்டம். ஒரு மாவட்டத்தின் தெருக்களையும் குடிகளையும் நகராட்சித் தலைவராக அறிந்தவர், அதையே கொள்கையின் களமாகக் கொண்டார். உள்ளாட்சியில் பெற்ற அறிவு மாகாண ஆட்சியாக மாறிய கதையின் நிறைவு இது.

முடிவுரை

சேலத்தின் ஐம்பத்தைந்து ஆண்டு வரலாறு மூன்று செய்திகளைத் தெளிவாக்குகிறது. முதலாவது, நகராட்சி அரசியலைக் கட்சிகள் உருவாக்கவில்லை. உறுப்பினர் பதவி உரிமையா சலுகையா என்ற வழக்கும், பொதுக்குழாய் யாருக்குப் பொது என்ற பூசலும் கட்சிகளுக்கு முந்தியவை. இரண்டாவது, 1920க்குப் பின் கட்சிகள் உள்ளாட்சியில் ஆர்வம் கொண்டமைக்கு நியமன அதிகாரமும், அது மாகாண ஆட்சிக்கு ஏணியாக அமைந்ததும் காரணங்கள். அந்த ஏணியில் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகளும் ஏறினர் என்பதே அதன் பயன். மூன்றாவது, வரியை அளவுகோலாகக் கொண்ட வாக்குரிமை, நகரத்தின் விளிம்போடு நின்றது. மலையின் நாடுகள் அதற்கு வெளியே இருந்தன.

வயதுவந்தோர் வாக்குரிமையே அந்த எல்லையை அழித்தது. இன்று ஏற்காடு, தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்ட இரு தொகுதிகளுள் ஒன்று. 73ஆம் அரசியலமைப்புத் திருத்தத்திற்குப் பின் மலை ஊராட்சிகளிலும் ஒதுக்கீட்டு இடங்கள் உள்ளன. திருமணிமுத்தாறு சேலம் மாநகரைக் கடக்கும்போது கழிவுநீர் சுமந்து செல்வதும் இன்றைய நிலையே. ஆற்றின் தலையில் வாழ்வோர்க்கும் கரையில் வாழ்வோர்க்கும் இப்போது வாக்கு உண்டு. ஒரே நீர்ப்பிடிப்பைச் சேர்ந்த அவர்கள் ஒரே மன்றத்தில் அமர்ந்து அந்நீரைப் பற்றி முடிவெடுக்கும் ஏற்பாடு இன்னும் உருவாகவில்லை. 1917இல் சேலம் நகராட்சியில் எழுந்த வினா அவ்வகையில் முற்றும் தீர்ந்துவிடவில்லை.